இருபத்தொன்றாம் நம்பரின் நேர்க்கோடு

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மூட்டம். பத்து மணிக்கும் ஃபேக்டரி தெரியவில்லை, சத்தம் மட்டும். துவைத்த துணி மூன்றாம் நாளாக ஈரம்.

மானேஜர் கூப்பிட்டார். நாளை மாலதி வருகிறாள். கீழ் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் பன்னிரண்டு குடும்பத்துக்குப் புது வீடு கட்டப் போகிறார்கள். இடம் 21ஆம் நம்பர் தேயிலைக் காடு. அதில் எந்தப் பகுதி சரியாமல் நிற்கும் என்று பார்த்துச் சொல்லத்தான் அவள். பேராசிரியர், ஆலோசகர், இன்னும் ஏதோ. 14ஆம் தேதி கோலாலம்பூரிலிருந்து மேலிடத்துக்காரர்கள் வருவார்கள். அவள் வரைபடத்தைக் காட்டுவாள். அங்கேயே இடம் முடிவாகும்.

"உங்க கூடப் படிச்சவங்களாமே, சொல்லவே இல்லையே," என்றார். அவர் கேட்கவும் இல்லை.

செய்ய வேண்டியது:
மேப் அறையைப் பெருக்க. அலமாரி மேல் பூஞ்சை.
கையடக்க ஜி.பி.எஸ். சார்ஜ்.
பழைய அளவைத் தாள்கள் எங்கே? பூச்சி அரித்தது போக மீதி.
நல்ல சட்டை. இஸ்திரி.

கடைசி வரியை அடித்தேன். பிறகு திரும்ப எழுதினேன்.

இந்தத் தோட்டத்தின் இருபத்தாறு நம்பரையும் வரைபடமாக்கியவள் நான். வந்து பதினேழு வருடம். சரிவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

பொறாமை இல்லை. எழுதி வைக்கிறேன், பின்னால் பார்த்துக்கொள்ள.


நவம்பர் 4, செவ்வாய்

வெயில். அவளுக்கென்றே வந்தது போல.

மாலதி எட்டரைக்கு வந்தாள், தானே காரை ஓட்டிக்கொண்டு. ரிங்லெட் மலைரோட்டு வளைவுகளில் தலை சுற்றவில்லையாம். முடிக்குச் சாயம் இல்லை. அப்படியே நரைக்க விட்டிருக்கிறாள், அதுவும் நன்றாக இருக்கிறது. என் சாயம் காதோரம் வெளுத்திருக்கிறது, போன வாரமே கவனித்திருக்க வேண்டும்.

கட்டிப்பிடித்தாள். "ஏய் சரசு, நீ அப்படியே இருக்க லா." நான் அப்படியே இல்லை. அவளுக்கும் தெரியும்.

டிரோனை அவளே பறக்கவிட்டாள். உதவிக்கு ஆள் கிடையாது. லோரி நிறுத்தும் இடத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, மூன்று முறை பேட்டரி மாற்றினாள். 20, 21, 22 மூன்றும் பகல் சாப்பாட்டுக்குள் முடிந்தது. ஒவ்வொரு செடியின் உயரமும் விரற்கடைக் கணக்கில். நான் தோட்டத்தை முடிக்கப் பதினோரு மாதம்.

வேலை ஆட்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். 21இன் மண்டோர் செல்லம்மா அக்காவும். கொழுந்து எடுக்கும் கூட்டத்தை மேய்ப்பது இவர்தான். ஐம்பத்தேழு வயது. கீழ் லயத்தில் கடைசி வீடு, பெருமழைக்கு அடுப்படியில் தண்ணீர் நிற்கும் வீடு.

"கிராணியம்மா, உங்க கூட்டாளி குந்துன எடத்துலயே தட்டானப் பறக்கவிட்டு மலைய அளக்குறாங்க. நீங்க எதுக்கு அட்டைக்கடி பட்டு நடந்தீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

(நான் கிராணி இல்லை என்று பதினேழு வருடமாகச் சொல்கிறேன். ஆபீசில் உட்காருபவர்கள் எல்லாம் கிராணி.)

மானேஜர் மாலதிக்கு (இனி மா.) கொடுத்த கோப்பை, விருந்தினர் அலமாரியில் இருப்பது. எனக்கு வழக்கமான பிளாஸ்டிக்.


நவம்பர் 5, புதன்

மாலை மா.வுடன் தானா ராத்தா டவுன். பாய் கடை. அவளுக்கு தே தாரிக், நுரைக்க ஆற்றிய டீ. எனக்குக் காப்பி. "தேயிலைத் தோட்டத்து ஆளு காப்பி குடிச்சா மழை எப்புடிம்மா நிக்கும்?" பாய் இதைப் பதினேழு வருடமாகச் சொல்கிறார். மா. அப்படிச் சிரித்தாள், பாய் இன்றுதான் புதிதாக யோசித்தது போல. எனக்கு ஒரு நாளும் அப்படிச் சிரிக்கத் தோன்றியதில்லை.

எங்கள் வரைபடத் துறையின் வருங்காலம் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். தினம் ஒரு செயற்கைக்கோள் படம், ஏறக்குறைய எல்லா இடத்துக்கும். பூமி முழுவதன் படத்தையும் பார்த்துப் பழகிய மெஷின்கள். ஒரு ஊருக்கு நூறு எடுத்துக்காட்டு காட்டினால் போதும், மீதியைத் தானே பிரித்துக்கொள்ளும். மூன்று நாள் மழை பெய்தால் எந்தச் சரிவு நகரும் என்று சாதாரணப் பேச்சில், மலாயிலோ தமிழிலோ கேட்டால் பதில் வரும்.

"இனிமே மேப்ப வரைய மாட்டாங்க சரசு. மேப்புகிட்ட கேப்பாங்க."

யார் கேட்பார்கள் என்றேன். யார் வேண்டுமானாலும், உங்கள் மானேஜரே கேட்கலாம் என்றாள். அவருக்கு எதைக் கேட்பது என்று தெரிய வேண்டுமே. அதையும் மெஷினே எடுத்துக் கொடுக்குமாம்.

தேயிலைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று மேலிருந்து தெரியுமா என்று கேட்டேன். இந்த ஒன்றைத்தான் கையில் வைத்திருந்தேன்.

"தெரியாது. அதுக்குத்தான் நீ. உன் மண் லேயர் இல்லாட்டி என் மெஷின் குருடு."

பென்டிரைவில் கொடுத்தேன். நிரப்பிய மண் இருக்கும் இடங்கள். வெள்ளைக்காரத் துரைகள் காலத்தில் ரோடு வெட்டிய மண்ணைத் தள்ளி ஓடைகளை மூடி, மேலே தேயிலையும் நட்டுவிட்டார்கள். வெளியே ஒன்றும் தெரியாது. பழைய தாளில் இருப்பதை எடுத்து, ஒவ்வொன்றாக நடந்து சரிபார்த்துச் சேர்த்தேன். அவளிடம் இல்லாதது என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்: நடந்தது.

திரும்பும் வழியில் படித்த காலத்துப் பழைய கதை பேசினாள். தாள் வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் டிஜிடைசிங் மேசை ஒன்று, நாங்கள் இருவர். சமவுயரக் கோட்டின் மேல் குறுக்குக்கம்பி வைத்துப் புள்ளி புள்ளியாக அழுத்துவோம். அவளுக்கு அரை மணியில் சலிக்கும், அவள் பாதியையும் நானே முடிப்பேன். தேர்வில் நான் முதல், அவள் மூன்றாவது. வெளிநாட்டுப் படிப்புக்கு இரண்டு விண்ணப்பத் தாள் வாங்கி வந்தாள், ஒன்று எனக்கு. நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும் என்று இழுப்பறையில் போட்டேன். அவள் அப்படி நினைக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். அதற்கு மேல் ஏதாவது இருந்திருந்தால் ஆறுதலாக இருக்கும்.


நவம்பர் 8, சனி

மழை. முட்டி வலி. கியா பார்ம் பக்கம் ரோட்டில் கார்கள் நகரவில்லையாம், விடுமுறைக் கூட்டம், ஸ்ட்ராபெரி.

மதியம் மா.வின் வரைபடம் வந்தது. அழகு. வேறு சொல் தேடினேன், இல்லை. பச்சை உறுதி, மஞ்சள் சந்தேகம், சிவப்பு ஆபத்து. 21இல் மேல்பாதி முழுவதும் பச்சை, ரோட்டோரம் சிவப்பு. அப்படியானால் வீடுகள் மேல்பாதியில்.

இரண்டு மணி நேரம் குற்றம் தேடினேன். சரிபார்த்தேன் என்று எழுத நினைத்தேன். இல்லை, குற்றம்தான் தேடினேன். கிடைக்கவில்லை.

நாலு மணிக்குச் செல்லம்மா அக்கா வார வேலைப் புத்தகத்தைக் கொடுக்க வந்தார். திரையில் டிரோன் படம். என் சுவர் வரைபடத்தை இவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. அது மாட்டிய ஆணியில் தன் மழைக்கோட்டை மாட்டுவார், அவ்வளவுதான். இன்று குனிந்து பார்த்தார். ஒற்றை யூகலிப்டஸ் மரத்தைக் கண்டுபிடித்தார். தண்ணீர்த் தொட்டி. தான் உட்கார்ந்து சோறு தின்னும் பாறை. திரையெல்லாம் விரல் ரேகை. என் பதினாறு வருட வரைபடம் செய்யாததை மா.வின் படம் ஒரு நிமிடத்தில்.

வீடு எங்கே வரும் என்றார். பச்சையைக் காட்டினேன்.

"இங்கயா? இது மெத்தையாச்சே."

என்ன மெத்தை என்றேன். கால் வைத்தால் அமுங்கும் இடமாம். கொழுந்து வெட்டும் மெஷினைச் செடி நிரையின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து நடக்கிறார்கள். மெத்தையில் ஒருவர் கால் இறங்கும், மெஷின் சாயும், கொழுந்தோடு தண்டும் போகும். அதனால் அங்கே மெஷினை நிறுத்திவிட்டுக் கைக்கத்திரி. எப்போதுமே அப்படித்தான். வங்காளதேசத்து ஆட்களும் அதை "மெத்தை" என்றுதான் சொல்கிறார்களாம்.

"ரோட்டோரந்தான் கெட்டி மண்ணு. கடப்பாரையே எறங்காது."

தலைகீழ். அமுங்குகிறது என்றால் அடியில் நிரப்பிய மண். அவள் பச்சை இருக்கும் இடத்தில் மூடிய ஓடை, சிவப்பு இருக்கும் இடத்தில் உறுதி. பூமி முழுவதையும் பார்த்த மெஷினுக்கு மெத்தை தெரியவில்லை.

எனக்கு வந்தது சந்தோஷம். முதலில் அதுதான் வந்தது, பன்னிரண்டு குடும்பத்தின் நினைப்பு பிறகுதான். அக்காவுக்கு நானே டீ போட்டுக் கொடுத்தேன், பிஸ்கட்டும். இப்போதைக்கு யாரிடமும் சொல்ல வேண்டாம், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

"எங்க வேணா கட்டட்டும். மூலை வீடு எனக்கு, சொல்லிப்புட்டேன்."

மா.வுக்குப் பதில் எழுதினேன்: "பார்த்தேன். நன்றாக இருக்கிறது."


நவம்பர் 9, ஞாயிறு

தூறல். தீபாவளி முறுக்கு டின்னின் அடியில் தூள் மட்டும்.

வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டியதை எழுதினேன். நாலே வாக்கியம். கண்ணாடி முன் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது வாக்கியத்தில் ஒரு சின்ன இடைவெளி விட வேண்டும், மா.வின் முகத்தைப் பார்க்க.

ஆதாரத்துக்காக என் மண் லேயரைத் திறந்தேன். 21இல் மூடிய ஓடையை ரோட்டோரத்தில் போட்டிருக்கிறது. அவள் மெஷின் சிவப்பு அடித்த அதே இடம். ஆதாரம் என்ற கட்டத்தில்: "களத்தில் நடந்து சரிபார்த்தது. ச."

ச. என்றால் சரஸ்வதி.

நான் 21இல் நடக்கவில்லை.

வரைபடம் போட்ட அந்த வருடக் கடைசி. இருபத்தைந்து முடிந்து இது ஒன்றுதான் பாக்கி. விடாத மழை. காலில் அட்டைக்கடி புண்ணாகிக் காய்ச்சல். அப்போதிருந்த மானேஜருக்கு வருடம் முடிவதற்குள் வேண்டும். பழைய தாளைத் திரையில் போட்டு மவுசால் கோடு இழுத்தேன். பழைய தாளின் அளவைச் சட்டகம் வேறு, ஜி.பி.எஸ். சட்டகம் வேறு, சரியாகப் பொருத்தாவிட்டால் எல்லாம் தள்ளிப்போகும். முதல் வருட மாணவிக்குத் தெரிந்தது. மற்ற இருபத்தைந்திலும் பொருத்தினேன், நடந்தும் பார்த்தேன். இதில் கண் மதிப்பாக நகர்த்தினேன். ஐம்பது அறுபது மீட்டர் தப்பு. பிறகு இருபதாம் நம்பரின் வரியை அப்படியே எடுத்து ஒட்டினேன்: "களத்தில் நடந்து."

மறந்துவிட்டேன் என்று எழுத வந்தேன். மறக்கவில்லை.

அவள் மெஷின் தப்பு செய்யவில்லை. நான் சொன்னதை நம்பியது.


நவம்பர் 11, செவ்வாய்

மழை. கம்போங் ராஜா ரோட்டில் மரம் விழுந்து காய்கறி லோரிகள் தாமதம் என்று ஆபீசில் பேச்சு.

வழிகள்:
1. சும்மா இருப்பது. முடியாது. மெத்தை மேல் பன்னிரண்டு வீடு.
2. மெத்தையை மட்டும் சொல்வது. லேயர் எப்படித் தப்பானது என்று கேட்பார்கள்.
3. பழைய தாளின் மேல் பழி. வரைந்தவர்கள் செத்துப்போனார்கள். மறுக்க ஆளில்லை.
4.

நாலாவதை எழுதவில்லை.

செ. அக்கா வாசலில் நின்று, புது வீட்டு ஜன்னல் எத்தனை அடி இருக்கும், திரைச்சீலைத் துணி சீக்கிரம் எடுத்தால் மலிவு என்று கேட்டார். தெரியாது என்றேன். "மேப்புல இல்லையா?" என்றார். கிண்டல்தான். ஆனால் இந்த மழையில் அவர் அடுப்படியில் பலகை போட்டுத்தான் சமைக்கிறார்.

மா.வுக்கு இரண்டு முறை போன் எடுத்தேன், வைத்துவிட்டேன். அவளுக்கு இப்படி ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டி வந்திருக்காது. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் வேறு ஆள் நடந்திருப்பார்.


நவம்பர் 13, வியாழன்

மா. மாலை வந்தாள், நாளைக்காக. மேப் அறையில் தனியாக இருக்கும்போது மெத்தையைச் சொன்னேன். செ. அக்கா, சாயும் மெஷின், கத்திரி, எல்லாம். வழி 2. முழுதாகச் சொல்லவில்லை.

அவள் மடிக்கணினியைத் திருப்பி என் லேயரைப் பெரிதாக்கினாள்.

"முந்தாநாளே பாத்துட்டேன் சரசு. உன் கோடு எல்லா நம்பர்லயும் கோணல்மாணலா இருக்கு. மரத்தச் சுத்திருக்க, பாறைல நின்னுருக்க, எங்கயோ வழுக்கிருக்க. இருவத்தொண்ணுல மட்டும் ஸ்கேல் வச்ச மாதிரி நேரா போகுது."

கணக்கெல்லாம் வேண்டாம். கோட்டைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். அரை மணியில் சலித்துப்போய் என்னிடம் தள்ளிவிட்டுப் போன அதே ஆள்.

காய்ச்சல் என்று ஆரம்பித்தேன். கையைத் தட்டி நிறுத்தினாள்.

"விடு லா. பழைய தாளோட பொருத்தப் பிழைன்னு ஸ்லைடுல போட்டுட்டேன். இருவத்தொண்ண மஞ்சளாக்கிட்டேன், திரும்பப் பாக்கணும்னு. யாரும் உன்னக் கேக்க மாட்டாங்க."

நன்றி என்றேன். இரவுச் சாப்பாட்டுக்கு அவளை மானேஜர் பங்களாவில் கூப்பிட்டிருந்தார்கள், போய்விட்டாள்.

குற்றம் கண்டுபிடித்தவள் அவள். மன்னித்தவளும் அவள். என்னிடம் ஒரு வார்த்தை எடுக்காமல் இரண்டையும் முந்தாநாளே முடித்துவிட்டாள். நான் கண்ணாடி முன் நாலு வாக்கியம் ஒத்திகை பார்த்தேன்.


நவம்பர் 14, வெள்ளி

கூட்டம். இஸ்திரி போட்ட சட்டை.

மேலிடத்திலிருந்து மூவர். மா. பேசினாள், பாதி மலாய், பாதி ஆங்கிலம். பச்சை, மஞ்சள், சிவப்பு. 21 வந்தது. பழைய தாளின் பிழை, மறுபடி ஆராய வேண்டும். யாரும் என்னைப் பார்க்கவில்லை. அவள் சொன்னபடியே.

மூவரில் வயதானவர் ஒரு கேள்வி கேட்டார். மற்ற நம்பர்களுக்கும் இதே பழைய தாள்தானே, அப்படியானால் அந்த லேயர் முழுவதையும் தூக்கிப்போட்டுவிட்டு மெஷினையே முதலிலிருந்து செய்யச் சொல்லலாமே. மானேஜர் தலையாட்டினார். மா. வாய் திறந்தாள், மூடினாள். அவள் தடுமாறி நான் பார்த்தது அது ஒன்றுதான்.

இருபத்தைந்து நம்பர். பதினோரு மாதம். ஒரு தலையாட்டலில்.

எழுந்தேன். தாளில் தப்பில்லை என்றேன். 21இல் மட்டும் நான் நடக்கவில்லை, நடந்ததாக எழுதினேன், மற்ற இருபத்தைந்தும் நடந்தது. மலாயில் சொன்னேன். இலக்கணம் நடுங்கியது.

வயதானவர் சாதாரணமாகக் கேட்டார்: ஒன்றில் பொய் எழுதியவர் மற்றதில் எழுதவில்லை என்று எப்படித் தெரியும்?

பதில் மா.விடம் இருந்தது. என் கோடுகளைப் பெரிதாக்கித் திரையில் போட்டாள். 7ஆம் நம்பர், 12, 20. கோணல், நெளிவு, ஓரிடத்தில் நின்ற புள்ளிக் குவியல். "மேசையில உக்காந்து இப்படி வரைய யாராலயும் முடியாது," என்று அவர்கள் மொழியில் சொன்னாள். பிறகு 21, நேர்க்கோடு. அவர்களுக்கே தெரிந்தது.

முடிவு: இருபத்தைந்தும் இருக்கும். 21 திரும்ப நடக்க வேண்டும், நான்தான். அதன் பிறகு மண்ணைத் துளைத்துப் பார்ப்பார்கள். அதுவரை வீட்டு வேலை நிற்கும். என் கோப்பில் ஒரு கடிதம் சேரும்.

வெளியே வந்ததும் மா. "ஏன் சரசு? நான்தான் மறைச்சிட்டேன்ல," என்றாள். கண் கலங்கியிருந்தது. என் கண் இல்லை.

ஏன் என்று இங்கே எழுதலாம், யாரும் படிக்கப் போவதில்லை. இருபத்தைந்தைக் காப்பாற்ற, ஒரு பங்கு. மீதி, அவள் போட்ட போர்வைக்குள் வாழ்நாள் முழுவதும் இருக்க முடியாது என்பதால். நேர்மை என்று மானேஜர் சொன்னார். அவர் சொல்லிக்கொள்ளட்டும்.

அப்படியும் காப்பாற்றியது அவள்தான்.


நவம்பர் 15, சனி

நேற்று மாலை முழுவதும் கொட்டியது. கீழ் லயத்துக்குப் போனேன். செ. அக்கா வீட்டில் கேஸ் சிலிண்டர் நாலு செங்கல் மேல். சேறு வாரிக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம்."

கிராணியம்மா இல்லை. மேடம்.

வீடு தள்ளிப்போனது ஏற்கனவே தெரிந்திருந்தது. நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். வாரிக்கொண்டே கேட்டார். கடைசியில் நிமிர்ந்தார்.

"எத்தன வருசமா அந்த ரூம்புல ஒக்காந்திருக்கீங்க. நாங்களும் இங்கதான இருக்கோம். மெத்த எங்கன்னு ஒரு நாளு கேட்டிருந்தா கைய நீட்டிக் காமிச்சிருப்பேன். அட்டைக்குப் பயந்தீங்க சரி, எங்களுக்குமா பயந்தீங்க?"

பயமில்லை, தோன்றவில்லை. அதைச் சொன்னால் இன்னும் மோசம். ஒரு வாளியை எடுத்து நானும் கொஞ்சம் வாரினேன். தடுக்கவில்லை. டீயும் கொடுக்கவில்லை.

மா. ஊருக்குப் போய்விட்டாள். பத்திரமாகச் சேர்ந்ததாகச் செய்தி, ரிங்லெட் அருவிப் பக்கம் எடுத்த படத்தோடு. நல்ல படம்.


நவம்பர் 17, திங்கள்

ஏழரைக்கு மழை இல்லை. ஜி.பி.எஸ். முழு சார்ஜ். சாக்ஸில் அட்டைக்காகப் புகையிலைத் தண்ணீர். மூங்கில் குச்சி ஒரு கட்டு. இரும்புக் கம்பி.

செ. அக்கா தொட்டி அருகே நின்றார், வேலைப் புத்தகங்களைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வைத்துக்கொண்டு. நான் கூப்பிடவில்லை. வீடு வேண்டியது அவருக்கு.

"பதினெட்டாம் நெரையில மெஷின நிறுத்துவோம். முப்பத்தஞ்சு தாண்டித்தான் திரும்ப எடுப்போம். எந்தத் தேயிலை மரத்துக்கிட்ட நிறுத்துறோமோ அதுதான் மெத்தைக்கு ஓரம். புத்தகத்துல இருக்கு, என் காலுலயும் இருக்கு."

ஒவ்வொரு நிரையிலும் அவர் நின்ற இடத்தில் ஒரு குச்சி, நான் ஒரு புள்ளி. குச்சிக்கு இந்தப் பக்கம் கம்பி ஒரு சாண் போய் நின்றது. அந்தப் பக்கம் கை எடையிலேயே முழுக் கம்பியும் இறங்கியது. ஒவ்வொரு நிரையிலும் அப்படியே. இரண்டு முறை விழுந்தேன். அட்டை மூன்று.

பத்து மணி ஓய்வில் மா.வின் செய்தி. இந்த நிரைக் கணக்கை வைத்து ஒரு கட்டுரை எழுதலாமாம், என் பெயர் முதலில். எங்கள் துறை இனிப் போக வேண்டிய வழி இதுதானாம்: மேலிருந்து தெரியாததை, கீழே வேலை செய்பவர்கள் எழுதி வைத்ததிலிருந்து மெஷினுக்குக் கற்பிப்பது. எல்லா நம்பருக்கும் பழைய வேலைப் புத்தகங்கள் கிடைக்குமா?

கொடுப்பதற்கு அவளிடம் எப்போதும் ஏதாவது இருக்கிறது. முதல் பெயர்கூட.

அக்காவிடம் படித்துக் காட்டினேன். வெற்றிலையை மென்றுகொண்டு யோசித்தார்.

"குடுக்கலாம், கிராணியம்மா. ஆனா அவங்க வந்து ஒரு நாளு எங்களோட மெஷினு பிடிக்கணும். மெத்தையில."

அப்படியே எழுதி அனுப்பினேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, பதில்: "எப்ப வரட்டும்?"

வருவாள். வந்து நன்றாகவும் பிடிப்பாள். அக்காவுக்கும் அவளைப் பிடித்துப்போகும்.

இருபத்தொன்பதாம் நிரை முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. காத்திருந்தோம், விடவில்லை. இறங்கிவிட்டோம்.

ஆபீஸில் ஈரத்தோடு திரையில் போட்டுப் பார்த்தேன். கோடு கோணல். விழுந்த இரண்டு இடமும் தெரிகிறது. மீதி ஆறு நிரைக்குக் கை தானாக மவுசுக்குப் போயிற்று. ஓரம் எப்படிப் போகும் என்று இப்போது எனக்குத் தெரியும், ஒரு நிமிட வேலை.

ஆதாரம் என்ற கட்டத்தில் எழுதினேன்: "நிரை 18 முதல் 29 வரை நடந்தது. செ., ச. 30 முதல் 35 வரை நடக்கவில்லை."